மூணு ஷிஃப்ட் நெல்லிச்சாறு

நோய் வந்ததைக்கூடச் சந்திரகலா ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டாள். கவனிக்க வந்தவர்களைத்தான் அவளால் சமாளிக்க முடியவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக மாடி வீட்டுச் சத்யப்பிரியா படியிறங்கி வந்துவிடுவாள். ஒரு கையில் மஞ்சள் போட்ட பால், இன்னொரு கையில் ஈரோட்டிலிருந்து அவள் அக்கா அனுப்பிய மாத்திரை டப்பா. சாயங்காலமானால் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து சாமியம்மாளின் ஸ்கூட்டி வந்து நிற்கும். அதன் கொக்கியில் நெல்லிச்சாறு பாட்டில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும். இரவுக்குக் கணவர் வெள்ளைச்சாமியே பொறுப்பு. தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு கரையும் ஆரஞ்சு நிற வைட்டமின் மாத்திரையோடு அவர் கட்டிலருகே வந்து நிற்பார். ஆக மூன்று ஷிஃப்ட். நெய்வேலியில் சுரங்கம் ஓய்வதில்லை என்பார்கள். அந்த குவார்ட்டர்ஸில் சந்திரகலாவின் வாயும் ஓயவில்லை. பேசி ஓயாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, குடித்தே ஓயவில்லை.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. வடக்குத்தில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். வயிறு உப்புசமாக இருக்கிறதே என்று சீரகத் தண்ணீரும் சோடாவுமாகக் குடித்துக்கொண்டிருந்தவளை, வெள்ளைச்சாமிதான் பிடிவாதமாக ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போனார். சினைப்பையில் கட்டி. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்தாயிற்று, தெரியாமல் எங்காவது ஒளிந்திருந்தால் அதைத் தீர்த்துக்கட்ட ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. முக்கியமான மருந்தின் பெயர் சிஸ்பிளாட்டின். அதில் பிளாட்டினம் இருக்கிறது என்று தெரிந்ததும் சந்திரகலா முதல் நாளே வார்டில் சொன்னாள்:

"கல்யாணத்துக்கு எங்கப்பா தங்கத்தையே தயங்கித் தயங்கித்தான் போட்டாரு. இப்பப் பாருங்க, ஒடம்புக்குள்ள பிளாட்டினமே ஏறுது."

அந்தச் சிரிப்பு மூன்றாவது தடவைக்குள் தேய்ந்துவிட்டது. வாந்தி, நாக்கில் எப்போதும் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போன்ற ருசி, காதுக்குள் ஓயாத ரீங்காரம். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். ஆனால் மூன்றாவது தடவை முடிந்து கிளம்பும்போது டாக்டர் தமிழ்நிலா ஒரு விஷயம் சொன்னாள். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"அம்மா, ரத்தத்துல கிரியாட்டினின் ஏறிக்கிட்டு வருது. கிட்னி கொஞ்சம் திணறுதுன்னு அர்த்தம். இதுக்கு மேல ஏறுச்சுன்னா நாலாவது டோஸ் குடுக்க முடியாது. வேற மருந்துதான் யோசிக்கணும்."

பாதியில் விட்ட கணக்கைச் சந்திரகலா வகுப்பில் பார்க்கச் சகிக்கமாட்டாள். இது அவள் உயிர்க்கணக்கு. மூன்று போட்டு மூன்று மிச்சம் இருக்கும்போது நிறுத்திவிட்டால், ஒளிந்திருக்கும் அந்தப் பாழாய்ப்போனது தலையைத் தூக்கிக்கொண்டு வருமே என்ற பயம் அன்று அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கோயம்புத்தூரில் படிக்கும் மகள் ஹரிணியிடம் போனில் பேசும்போதுகூட அந்தப் பயம் குரலுக்குள் வந்துவிடாமல் பார்த்துப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. ஆறும் முடிய வேண்டும். இதே மருந்தில் முடிய வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை.

கிட்னி ஏன் திணறுகிறது என்று வெள்ளைச்சாமி டாக்டரிடம் கேட்டார். டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினாள். மருந்து சிறுநீர் வழியாக வெளியேறும்போது கிட்னி செல்களில் ஒருவகை ஆக்ஸிடேஷன் வேக்காட்டைக் கிளப்புகிறது, அதனால் தண்ணீர் நிறையக் குடித்து மருந்தைச் சீக்கிரம் கழுவி வெளியேற்ற வேண்டும், நாளைக்கு மூன்று லிட்டராவது குடிக்க வேண்டும் என்றாள். இத்தனையில் வெள்ளைச்சாமியின் மனதில் ஆணியடித்து உட்கார்ந்தது ஆக்ஸிடேஷன் மட்டும்தான். மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று.

அதற்குக் காரணம் உண்டு. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இருபத்துச் சொச்சம் வருஷமாக அவர் பார்க்கும் வேலையே அதுதான். அனல் மின்நிலையத்துக்குப் போகும் பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைக்கும் ஸ்டாக் யார்டில் ஃபோர்மேன். அந்தக் கரிக்கு யாரும் தீக்குச்சி கிழித்துப் போட வேண்டியதில்லை. காற்றுப் பட்டுக்கொண்டே கிடந்தால் உள்ளுக்குள் சூடேறித் தானாகவே புகைய ஆரம்பித்துவிடும். எந்தக் குவியல் எந்த மூலையில் கனல்கிறது என்று மோப்பம் பிடித்து அணைப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

"கலா, இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்தேன்," என்றார் வாடகைக் காரில் வரும்போது. கடலூர் தாண்டுவதற்குள் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். "பேருலயே இருக்கு பாரு. ஆக்ஸிடேஷனுக்கு எதிரி. உள்ள கனலுது. நாம அணைச்சுக்கிட்டே இருக்கணும். மூணு ஷிஃப்டும் ஆள் போட்டாத்தான் நடக்கும்."

அவர் சொன்னால் ஆள் வருவதற்கு டவுன்ஷிப்பில் பஞ்சமா? மாடி வீட்டுச் சத்யப்பிரியாவுக்குச் சந்திரகலா அக்கா மாதிரி. அவள் பையன் கணக்கில் தப்பித்ததே இந்த அக்காவால்தான். சாமியம்மாள் யார்டில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவள். அவள் இரண்டு பெண்களும் சந்திரகலாவிடம் படித்தவர்கள். காலை ஷிஃப்ட் சத்யப்பிரியா, சாயங்கால ஷிஃப்ட் சாமியம்மாள், ராத்திரி நான் என்று வெள்ளைச்சாமி பிரித்துக் கொடுத்தார். ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் எதில் இருக்கிறதோ அதையெல்லாம் கொண்டுவருவது அவரவர் பாடு. ஒவ்வொருத்தரும் தன் ஊர்ப் பெருமையையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். சத்யப்பிரியா ஈரோட்டு மஞ்சளை விட்டுக்கொடுக்கவில்லை. சாமியம்மாள் தன் தோட்டத்து நெல்லிக்காய்க்கு ஈடு உலகத்தில் கிடையாது என்று சாதித்தாள்.

"ஏனுங்க்கா, மூக்கப் பிடிச்சுட்டு ஒரே மடக்கா குடிச்சுப்போடுங்க," என்பாள் சத்யப்பிரியா.

"டீச்சர், நான் வேலைக்குப் போனாலும் மனசெல்லாம் உன் வூட்டுலதான் இருக்கு. இந்தக் கிளாஸ மட்டும் காலி பண்ணிட்டீன்னா நிம்மதியாப் போவேன்," என்பாள் சாமியம்மாள்.

இப்படிக் கெஞ்சினால் எப்படி மறுப்பது? சந்திரகலா குடித்தாள். வகுப்பில் ஐம்பது பேரை ஒரு முறைப்பில் அடக்குகிறவள், மூன்று பேரின் பாசத்துக்கு முன்னால் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். வயிறு எந்நேரமும் தளும்பியது. கட்டிலருகே வெள்ளைச்சாமி நிரப்பி வைத்த தண்ணீர் ஜக்கைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு வந்தது.

நாலாவது தடவைக்கு முன்னால் டவுன்ஷிப்பிலேயே ஒரு லேபில் ரத்தம் கொடுத்தார்கள். மத்தியானம் போனில் ரிசல்ட் வந்தது. சந்திரகலா பார்த்தாள். கிரியாட்டினின் குறையவில்லை. முன்னைவிட ஏறியிருந்தது.

வெள்ளைச்சாமி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலேயே போனை வாங்கிப் பார்த்தார். முகம் கருத்துவிட்டது. பிறகு தானே ஒரு முடிவுக்கு வந்தவராக, "பத்தலை. நாம அணைக்கறது பத்தலை. நாளையிலேருந்து டபுளாக்கிருவோம்," என்றார்.

சந்திரகலா அறைக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுகை வந்தது. இத்தனை கசப்பையும் புளிப்பையும் எதற்காக விழுங்கினோம் என்று ஆத்திரமும் வந்தது.

சாயங்காலம் சாமியம்மாள் வந்த சத்தம் கேட்டது. வாசலில் அவளும் வெள்ளைச்சாமியும் பேசிக்கொண்டது படுத்திருந்தவள் காதில் தெளிவாக விழுந்தது.

"காலைல இன்னா குடுத்தாங்க சார்?"

"சத்யப்பிரியா ஏதோ குடுத்துருக்கும். வேலைக்குக் கெளம்பறப்ப நானும் ஒரு மாத்திரை கரைச்சுக் குடுத்தேன். நீ உன்னுத குடு."

"அந்தம்மா ஒழுங்காக் குடுத்துச்சோ இல்லியோ. நான் எதுக்கும் சேத்தே குடுத்துடறேன்."

சந்திரகலா எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்குள் இருந்த கணக்கு டீச்சர் விழித்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி சமையலறைக்குப் போனாள். சத்யப்பிரியாவின் டப்பாவை எடுத்தாள், கணவரின் மாத்திரைக் குழாயை எடுத்தாள், ஜன்னலோரம் வெள்ளைச்சாமி புதிதாக வாங்கி வைத்திருந்த இன்னொரு புட்டியையும் எடுத்தாள். மேடையில் வரிசையாக வைத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். பெயர்தான் வேறு வேறு. உள்ளே எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே சரக்கு, வைட்டமின் சி. போதாததற்குப் பாட்டில் பாட்டிலாக நெல்லிச்சாறு. மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். ஒரு மனுஷிக்கு ஒரு நாளைக்கு வேண்டியதைப் போல எத்தனையோ மடங்கு தனக்குள் போயிருக்கிறது என்று தெரிந்ததும் திக்கென்றது.

திரும்பி வந்தவள் கண்ணில் தண்ணீர் ஜக் பட்டது. நேற்றுக் காலையில் நிரப்பியது, விளிம்பு குறையாமல் அப்படியே இருந்தது. அதற்குள் ஓர் எறும்பு மிதந்துகொண்டிருந்தது.

"இங்க வாங்க ரெண்டு பேரும்," என்றாள். அது பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சைக் கூப்பிடும் குரல். வெள்ளைச்சாமியும் சாமியம்மாளும் வந்து நின்றார்கள்.

"யார்டுல ஒரு ஷிஃப்ட் ஆள் போயி இன்னொரு ஆள் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ரிலீவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் கெளம்புவோம். எங்க பொகையுது, எங்க தெளிச்சாச்சு, எங்க பாக்கி..." வெள்ளைச்சாமி பாதியில் நிறுத்திவிட்டார்.

"இங்க யாராச்சும் யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா? ஒரே மாத்திரைய மூணு பேர்ல மூணு வேளையும் குடுத்திருக்கீங்க. போகட்டும். குவியல் சூடாச்சுன்னா எதைத் தெளிப்பீங்க?"

"தண்ணிதான்."

"நெல்லிச்சாறு தெளிச்சு நான் பாத்ததில்லையே!" சந்திரகலா ஜக்கைத் தூக்கிக் காட்டினாள். "டாக்டர் வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். மூணு லிட்டர். மத்த எல்லாத்தையும் ஊத்தினீங்க, இதுக்கு மட்டும் வயித்துல எடம் வைக்கல. நானும் ஒரு கூமுட்டை, படிச்சுப் படிச்சுச் சொன்னத மறந்துட்டு நீங்க நீட்டுனதயெல்லாம் குடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

சாமியம்மாள் பாட்டிலைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

புதுச்சேரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் வெள்ளைச்சாமி ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். "கலா, மாத்திரைய நிறுத்திருவோம். ஆனா டாக்டரம்மாகிட்ட இதயெல்லாம் சொல்ல வேண்டாம். கோவத்துல மருந்தே கெடையாதுன்னுட்டா என்ன பண்றது?"

சந்திரகலாவுக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் நாலாவது டோஸ் கிடைத்துவிடுமோ என்று ஒரு நப்பாசை. ஆனால் தப்பு எங்கே என்று காட்டாத விடைத்தாளை யாரால் திருத்த முடியும்? "சொல்லித்தாங்க ஆகணும். அவங்க என் ஒடம்ப வச்சுக் கணக்குப் போடறாங்க. நாம நம்பரை மறைச்சா விடை எப்படி வரும்?" என்றாள்.

டாக்டர் தமிழ்நிலா திருவதிகைக்காரி. சின்ன வயது. கோபம் வந்தால் படித்த பேச்செல்லாம் ஓடிப்போய் ஊர்ப்பேச்சு வந்துவிடும். மேஜைமேல் பரப்பிய டப்பாக்களைப் பார்த்தாள்.

"இம்மாத்தையுமா குடிச்சீங்க?" என்றாள். "நான் தலபாடா அடிச்சுக்கினேனே, எது சாப்புட்டாலும் என்கிட்ட ஒரு வார்த்த கேளுங்கன்னு!"

வெள்ளைச்சாமி எழுந்து நின்றுகொண்டார். "என்னைத் திட்டுங்கம்மா. எல்லாம் என் ஏற்பாடுதான். அவளுக்கு மருந்த மட்டும் நிறுத்திராதீங்க." பெரிய உருவம், குரல் பிசிறடித்தது. டாக்டரின் கோபம் அதோடு இறங்கிவிட்டது.

"உக்காருங்க சார். நீங்க நெனச்சது முழுத் தப்புன்னும் சொல்ல மாட்டேன். எலிக்குக் குடுத்துப் பாத்ததுல இந்த ஆன்ட்டி ஆக்ஸிடன்டெல்லாம் கிட்னிய நல்லாவே காப்பாத்தியிருக்கு. மனுஷங்கள்ல பாத்தா ஒரு ஆராய்ச்சி ஆமாங்குது, இன்னொண்ணு இல்லங்குது. பயம் எதுலன்னா, இந்த மருந்து கட்டியக் கொல்றதுலயும் அந்த வேக்காட்டுக்குக் கொஞ்சம் பங்கு இருக்கு. நீங்க அளவில்லாம அணைச்சா அது கிட்னிய மட்டும் காப்பாத்துமா, ஒளிஞ்சிருக்கற கட்டியையும் சேத்துக் காப்பாத்துமா? மாத்திரைக்கு விலாசம் தெரியாது சார்."

வெள்ளைச்சாமி தரையைப் பார்த்தபடி யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அதே கரிதான். யார்டுல எரியக் கூடாது, பாய்லர்ல எரிஞ்சே ஆகணும். நான் பாய்லருக்குப் போறதையும் சேத்து நனைச்சிருக்கேன்."

"அவ்வளவுதான். எனக்கு நீங்க பாடம் எடுத்துட்டீங்க," டாக்டர் லேசாகச் சிரித்தாள்.

"அதனாலதான் கிரியாட்டினின் ஏறுச்சாம்மா?" என்று கேட்டாள் சந்திரகலா.

"அடிச்சுச் சொல்ல மாட்டேன். மருந்தே ஏத்தியிருக்கலாம். வைட்டமின் சி இவ்வளவு போனா அதுவும் கிட்னிக்கு ஆகாது. தண்ணியும் பத்தல. மூணும் சேந்திருக்கலாம். இன்னிக்கு டோஸ் இல்ல. ஒரு வாரம் தள்ளி வைக்கிறேன். மாத்திரை, சாறு, பொடி எல்லாத்தையும் ஏறக்கட்டுங்க. கொழம்புல மஞ்சள், ஒரு நெல்லிக்கா, கீரை, பழம், சாப்பாடாச் சாப்புடறது இருக்கட்டும். அதுக்கு மேல வேண்டாம். தண்ணி குடிங்க. அடுத்த வாரம் பாப்போம்."

"கொறையலன்னா?"

டாக்டர் பொய் சொல்லவில்லை. "வேற மருந்துக்குப் போகணும். ஆனா இதையே குடுத்து முடிக்கணும்னுதான் எனக்கும் ஆசை."

வீடு திரும்பியதும் விஷயம் மாடிக்கும் வடக்குத்துக்கும் போயிற்று. சத்யப்பிரியா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். சாமியம்மாள் உள்ளே வரவே மாட்டேன் என்று வாசலில் நின்றாள்.

"நான் குடுத்ததே உனக்கு வெசமாப் பூட்டுதா டீச்சர்?"

சந்திரகலா எழுந்து போய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தாள். "விஷமெல்லாம் இல்ல. உங்க மூணு பேருக்கும் பாசம் இருக்கற அளவுக்கு அளவு தெரியல, அவ்வளவுதான். இப்ப எனக்கு நீங்க இல்லாம முடியாது. தண்ணி குடிக்கறது சாறு குடிக்கறத விடக் கஷ்டம். யாராச்சும் பக்கத்துல ஒக்காந்து மெரட்டுனாத்தான் எறங்கும்."

அவள் சொன்னது நிஜம். தண்ணீர்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மருந்துக்குப் பிறகு வெறும் தண்ணீர் நாக்கில் பட்டால் இரும்புத் தூளைக் கரைத்துக் குடிப்பது போலிருக்கும். ஒரு டம்ளர் இறங்குவதற்குள் இன்னொரு டம்ளர் வெளியே வந்துவிடும். ஆனால் வந்தவர்கள் சளைத்த ஆட்கள் இல்லை. சத்யப்பிரியா போனில் சீரியல் போட்டுக் காட்டினாள். விளம்பரம் வந்தால் ஒரு டம்ளர் குடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை கிடையாது. சாமியம்மாள் வேறு வழி கண்டுபிடித்தாள். யார்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த சூப்பர்வைசர் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான் என்று கதை சொல்ல ஆரம்பிப்பாள். சரியாகச் சூடு பிடிக்கும் இடத்தில் வாயை மூடிக்கொள்வாள்.

"அப்பறம்? அவ என்ன சொன்னா?"

"குடி. அப்பறம் சொல்றேன்."

சந்திரகலா முறைப்பாள், குடிப்பாள். ஷிஃப்ட் மாறும்போது இப்போது யாரும் சும்மா கிளம்புவதில்லை. எவ்வளவு குடித்தாள், எவ்வளவு வாந்தி எடுத்தாள், ஜக்கில் பாக்கி எவ்வளவு என்று வாசலில் நின்று ஒப்பித்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார்கள். ரிலீவர் வர நேரமானால் காத்திருப்பார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்துச் சந்திரகலாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்துவிட்டேன் என்று கண்ணும் கலங்கியது.

வெள்ளைச்சாமிதான் சுருண்டுபோய்விட்டார். ஒரு மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் சமையலறையில் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க?"

"வெறும் தண்ணிய ஊத்திக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கேன். கை பரபரங்குது கலா. உள்ள என்ன நடக்குதுன்னு பாக்க முடியல, மோந்து பாக்க முடியல. அதுக்கு எதுனா ஒண்ணு செஞ்சாத் தேவலன்னு இருக்கு."

அவள் அவரருகே போய் நின்றாள். "எனக்கும் பயமாத்தாங்க இருக்கு," என்றாள். நோய் வந்த நாளிலிருந்து அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் ஈரக் கையோடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு டம்ளரை அவளுக்கு நிரப்பிக் கொடுத்து, தானும் ஒன்றை எடுத்துக் குடித்தார்.

அடுத்த வாரம் புதுச்சேரியில் காலையிலேயே ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்ததும் டாக்டர் தமிழ்நிலா கையில் கம்ப்யூட்டர் தாளோடு வந்தாள்.

"எறங்கியிருக்கும்மா."

வெள்ளைச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் கையமர்த்தினாள். "இருங்க சார். எறங்கியிருக்கு, ஆனா எல்லைக்கோட்டுலதான் நிக்குது. மொதல்ல சலைன் ஏத்தறேன், மக்னீசியமும் சேத்து. ஒண்ணுக்கு நல்லாப் பிரிஞ்சா கிட்னி வேல செய்யுதுன்னு மருந்தப் போட்டுடலாம். சரியாப் பிரியலன்னா இன்னிக்கும் இல்ல." நர்ஸிடமிருந்து கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடியை வாங்கி வெள்ளைச்சாமியிடம் நீட்டினாள். "அளந்து சொல்ல வேண்டியது உங்க பொறுப்பு."

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சலைன் ஏறியது. ஒரு பாட்டில் முடிந்து அடுத்த பாட்டில் மாட்டினார்கள். சந்திரகலா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். எத்தனையோ சாமிகளிடம் எத்தனையோ வேண்டியிருக்கிறாள், மூத்திரம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டது இன்றுதான். வெள்ளைச்சாமி கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "வருதா?" என்றார்.

"கேட்டுக்கிட்டே இருந்தா வர்றதும் ஓடிப்போயிரும். செத்த சும்மா இருங்க."

பக்கத்துக் கட்டில் அம்மா சிரித்துவிட்டாள். முதல் தடவை போனபோது ஜாடியின் அடியில் கொஞ்சம்தான் நின்றது. நர்ஸ் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். வெள்ளைச்சாமியின் முகம் விழுந்துவிட்டது. சந்திரகலா தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். இரும்பு ருசியோ எதுவோ, கண்ணில் நீர் வரக் குடித்தாள். வாந்தி எட்டிப் பார்த்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளேயே அடக்கினாள். மறுபடியும் குடித்தாள்.

வெயில் ஏறி ஜன்னல் கம்பியின் நிழல் கட்டிலை விட்டு இறங்கியபோது அவள் சட்டென்று எழுந்தாள். "அந்த ஸ்டாண்டப் பிடிங்க," என்றாள். அவர் சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு பாத்ரூம் கதவுவரை போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அது நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. கதவு திறந்து அவள் நீட்டிய ஜாடி விளிம்புவரை நிறைந்திருந்தது.

வெள்ளைச்சாமி அதை ஒரு சொட்டு சிந்தாமல், கோயிலில் அபிஷேகக் குடம் எடுத்துப் போகிறவரைப் போல வார்டு நடுவே தூக்கிக்கொண்டு நடந்தார். நர்ஸ் குனிந்து கோட்டைப் பார்த்தாள். எழுதினாள். போனில் டாக்டரைக் கேட்டாள்.

"மருந்தப் போடலாமாம்," என்றாள்.

அவர் அங்கேயே நின்றுகொண்டு ஒரு கையால் போனை எடுத்து நெய்வேலிக்கு அடித்தார். சத்யப்பிரியாவும் சாமியம்மாளும் வேலையை விட்டுவிட்டு ஒன்றாக உட்கார்ந்து அந்தப் போனுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துருச்சு!" என்று கத்தினார். "ஜாடி ரொம்பி வந்துருச்சு! மஞ்சளே இல்ல, தெளிவா, ஊத்துத்தண்ணி மாதிரி! நர்ஸம்மாவே அசந்துட்டாங்க!"

போனுக்குள்ளிருந்து சாமியம்மாள் போட்ட கூச்சல் கட்டில் கட்டிலாகக் கேட்டது. வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் அவள் சமையலை நாலு பேர் முன்னால் புகழ்ந்ததில்லை, கட்டிய சேலை நன்றாயிருக்கிறது என்றதில்லை, அவள் வகுப்பு முழுசாகப் பாஸானபோதுகூட 'ம்' என்றுதான் சொன்னார். இன்றைக்கு ஊரறிய, தொண்டை கிழிய, அவள் மூத்திரத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

சந்திரகலா வெட்கம் தாங்காமல் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "கையை ஆட்டாதீங்கம்மா, ஊசி நழுவிடும்," என்று அதட்டிக்கொண்டே நர்ஸ் நாலாவது டோஸை மாட்டினாள்.